ஆர்.சி. புக்கில் ஸ்டாண்டர்ட், இங்கிலாந்துப் படத்தில் ட்ரையம்ஃப்: பிரிட்டிஷ் கார்ப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

ஹெரால்ட்மகன்:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் அப்பாவின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய காரின் ஆர்.சி. புக் கிடைத்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1966 மாடல். நான் ஆறாவது படிக்கும்போது வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார். புக்கை மட்டும் கொடுக்க மனசு வரவில்லையாம். இத்தனை வருஷமாகத் துணி உறையில் சுற்றி வைத்திருந்திருக்கிறார்.

அந்த வண்டியில் எனக்கு மறக்காத விஷயம் பானட். மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கம் முழுக்க அப்படியே முன்னால் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். அந்தப் படம் எங்கேயாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது. ஆனால் இங்கிலாந்திலிருந்து வருகிற படங்களில் எல்லாம் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்றுதான் போட்டிருக்கிறது. நம் வண்டிதான், அச்சு அசல். ஒரே வண்டிக்கு ஏன் இரண்டு பெயர்?

இன்னொன்று. ஸ்டாண்டர்ட் என்றால் விலை குறைந்த, ஏ.சி. இல்லாத, அலாய் வீல் இல்லாத மாடல் என்றுதானே நாம் சொல்கிறோம். ஒரு கம்பெனி தனக்கே ஏன் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டது?

பழையசக்கரம்:

தம்பி, நல்ல கேள்வி. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் கதை இருக்கிறது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியை 1903இல் கோவென்ட்ரியில் தொடங்கியவர் ரெஜினால்ட் மாட்ஸ்லே. அவர் சிவில் எஞ்சினியர். லண்டன் டவர் பிரிட்ஜைக் கட்டிய சர் ஜான் வுல்ஃப் பாரியிடம் வேலை பார்த்தவர். பாரிதான் 3,000 பவுண்டு கொடுத்துக் கார் தொழிலுக்கு அனுப்பி வைத்தார். அந்தக் காலத்துக் கார் என்பது சோதனைப் பொருள். ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு விதமாகச் செய்து பார்க்கும், பாதி வழியில் நிற்கும். மாட்ஸ்லே அதற்கு நேரெதிராக யோசித்தார். ஏற்கெனவே ஓட்டிப் பார்த்து, நம்பலாம் என்று நிரூபணமான பாகங்களை மட்டுமே போடுவேன் என்றார். அந்த நம்பகத்துக்கு வைத்த பெயர்தான் ஸ்டாண்டர்ட். நம் ஊரில் 'தரமான சாமான்' என்று சொல்கிறோமே, அந்தத் தரம். அதே சொல்லுக்குக் கொடி என்றும் பொருள் உண்டு. பழைய ஸ்டாண்டர்ட் பேட்ஜில் பிரிட்டன் கொடி தெரிவது அதனால்தான்.

அப்புறம் சொல் தேய்ந்துபோனது. மற்ற கம்பெனிகள் டீலக்ஸ், சூப்பர் என்று மாடல்களைப் பிரித்து விற்க ஆரம்பித்தபோது, எதுவும் சேர்க்காத மாடலுக்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர் விழுந்தது. உயர்ந்த அளவுகோல் என்ற பொருள் போய் ஆகக் கீழ்ப்படி என்ற பொருள் வந்துவிட்டது. போதாக்குறைக்கு 1953இல் அவர்களே வெளியிட்ட ஸ்டாண்டர்ட் எய்ட் காரில் டிக்கிக்குக் கதவே கிடையாது. பின் சீட்டை மடக்கி உள்ளே இருந்துதான் பெட்டியை வைக்க வேண்டும். விலையைக் குறைக்கச் செய்த வேலை. பெயரின் புதுப் பொருளை வண்டியே உறுதி செய்ததுபோல் ஆனது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நொடித்துப்போயிருந்த ட்ரையம்ஃபை 1944இல் ஸ்டாண்டர்ட் வாங்கியது. ஆக, பெயர் இரண்டு, கொட்டகை ஒன்று. 1959இல் ஹெரால்ட் வந்தபோது, விற்க எந்தப் பெயர் நல்லது என்று பார்த்து ட்ரையம்ஃப் என்று போட்டார்கள். 1963இல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் பெயரையே எடுத்துவிட்டார்கள். சென்னையில் நிலைமை வேறு. பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த நம் தொழிற்சாலை ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வேன்கார்ட், ஸ்டாண்டர்ட் டென் என்று விற்று ஊரெல்லாம் அறிந்த பெயர் அது. 1961 முதல் ஹெரால்டை அவர்கள் அதே பெயரில் தந்தார்கள்.

உங்கள் அப்பாவின் வண்டி 1966. அதாவது, பிறந்த ஊரில் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் இல்லாமல்போய் மூன்று வருஷத்துக்குப் பிறகு, பெருங்களத்தூரில் அந்தப் பெயரோடு வெளியே வந்த வண்டி. அந்த ஆர்.சி. புக்கைப் பத்திரமாக வையுங்கள்.

கோவைஸ்பேனர்:

இதுல இன்னொன்னு சேத்துக்கங்க. 1985ல வந்த ஸ்டாண்டர்ட் 2000 ஞாபகம் இருக்குதா? அதோட பாடி இங்கிலாந்து ரோவர் எஸ்.டி.1. எஞ்சின் பழைய வேன்கார்ட் வழி வந்தது. பேரு ஸ்டாண்டர்ட். எங்க பட்டறைக்கு ஒண்ணு வரும். பானட்டைத் தூக்கினா ஒரு காலம், மூடினா இன்னொரு காலம். வேன்கார்டுங்கிற பேரே பிரிட்டிஷ் போர்க்கப்பல் பேருங்க. கடற்படைகிட்டக் கேட்டு வெச்சாங்க.

லூட்டன்ராஜி:

பழையசக்கரம் ஐயா, ட்ரையம்ஃபைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். நான் தொடர்கிறேன்.

இத்தனை பிரிட்டிஷ்தனமாக ஒலிக்கும் அந்தப் பெயரை வைத்தவர் ஒரு ஜெர்மானியர். நியூரம்பெர்க்கில் பிறந்த சீக்ஃப்ரீட் பெட்மன். லண்டனுக்கு வந்து சைக்கிள் வாங்கி விற்றார். தன் பெயரைப் போட்டால் எடுபடாது, எந்த நாட்டுக்காரர் படித்தாலும் புரிகிற சொல் வேண்டும் என்று நினைத்தார். இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றிலும் வெற்றிக்கு ஏறக்குறைய ஒரே சொல். 1886இல் ட்ரையம்ஃப் என்று வைத்தார். பிறகு கோவென்ட்ரிக்குப் போய்ச் சொந்தமாகச் சைக்கிள், 1902இல் மோட்டார் சைக்கிள், 1923இல் கார். 1913இல் அந்த ஊர் மேயராகவும் ஆனார். அடுத்த வருஷமே ஜெர்மனியோடு போர்.

இன்று அந்தப் பெயர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மோட்டார் சைக்கிள் ட்ரையம்ஃப் ஹிங்க்லியில் இருக்கும் தனிக் கம்பெனி. கார் ட்ரையம்ஃப் பெயர் பி.எம்.டபிள்யூவிடம். அவர்கள் அந்தப் பெயரில் ஒரு காரும் செய்வதில்லை.

நான் இருக்கும் லூட்டன் வாக்ஸ்ஹால் ஊர். அந்தக் கதையும் வேண்டுமென்றால் சொல்கிறேன், நீளம்.

ஹெரால்ட்மகன்:

நீளமாகவே சொல்லுங்கள் அக்கா. நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைப்பது பொக்கிஷமாக இருக்கிறது.

லூட்டன்ராஜி:

சரி. 13ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். ஜான் அரசரிடம் ஃபால்க் டி ப்ரொத்தே என்று ஒரு கூலிப்படைத் தலைவன் இருந்தான், நார்மண்டிக்காரன். தேம்ஸின் தென்கரையில், லாம்பெத் பக்கம் அவனுக்கு ஒரு மாளிகை. ஃபால்க்ஸ் ஹால். ஊர் வாயில் அது ஃபாக்ஸ்ஹால் ஆகி, வாக்ஸ்ஹால் ஆனது. அவனுடைய கொடிச் சின்னம் கிரிஃபின். கழுகுத் தலையும் சிங்க உடலும் உள்ள கற்பனை விலங்கு, நம் கோயில் தூணில் இருக்கும் யாளிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1857இல் அலெக்ஸாண்டர் வில்சன் என்பவர் அந்தப் பகுதியில் படகு எஞ்சின் பட்டறை தொடங்கினார். வட்டாரத்தின் பெயரைக் கம்பெனிக்கும், கிரிஃபினைச் சின்னத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1903இல் முதல் கார். இடம் போதாமல் 1905இல் லூட்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். இதில் அழகு என்னவென்றால், ஜான் அரசர் அந்த ஃபால்க்குக்குக் கொடுத்த நிலங்களில் லூட்டனும் ஒன்று. ஏறக்குறைய 700 வருஷம் கழித்துக் கிரிஃபின் தன் பழைய நிலத்துக்கே வந்து சேர்ந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

எங்கள் தெருவில் மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரராவது அங்கே வேலை பார்த்தவராக இருப்பார். 2025இல் அந்த வேன் தொழிற்சாலையை மூடினார்கள். அந்த வாரம் தெரு முழுக்கச் சாவு வீடு மாதிரிதான் இருந்தது.

நெவாக்கரை:

லூட்டன்ராஜி அக்கா எழுதியதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன். அங்கே ரயில் நிலையத்துக்குச் சொல் 'வக்ஸால்'. ஐந்து வருஷம் தினம் அந்தப் பலகையின் கீழே நடந்திருக்கிறேன். அது அந்தப் படைத்தலைவனின் பெயர் என்று எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியும்.

வழி இதுதான். லண்டன் வாக்ஸ்ஹாலில் 18ஆம் நூற்றாண்டில் பாட்டுக் கச்சேரியும் விளக்கு அலங்காரமுமாக ஒரு பூங்கா இருந்தது. அதன் புகழால் ஐரோப்பா முழுக்கக் கேளிக்கைத் தோட்டங்களுக்கு அந்தப் பெயரே வந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாவ்லோவ்ஸ்க் வரை ரஷ்யாவின் முதல் ரயில் பாதை 1830களில் போட்டபோது, பாதை முடியும் இடத்தில் கச்சேரி மண்டபம் ஒன்று கட்டினார்கள். அதற்கும் வக்ஸால் என்று பெயர். ரயில் போய் நிற்கிற இடம் வக்ஸால், அப்படியே எல்லா நிலையத்துக்கும் அந்தச் சொல். ரஷ்யர்கள் லண்டன் ரயில் நிலையத்தின் பலகையைப் பார்த்து நிலையத்துக்கே அதுதான் சொல் என்று தப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதை நம்ப வேண்டாம்.

கோவைஸ்பேனர்:

இதே மாதிரி ரோவருக்கும் இருக்குதுங்க. ரோவர்னா அலையறவன். முதல்ல அது சைக்கிள் பேரு. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885ல கோவென்ட்ரில ஒரு சைக்கிள் செஞ்சார். ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். இன்னைக்கு நாம ஓட்டற சைக்கிளுக்கு அதுதான் பாட்டன். போலந்துல இன்னைக்கும் சைக்கிளுக்குச் சொல்லு 'ரோவெர்'. கார்ல வைக்கிங் கப்பல் சின்னம் வந்ததும் அந்த அலையற அர்த்தத்துலதான். கடல்ல அலைஞ்சவங்க.

சுன்னாகத்தான்:

அண்ணைமாருக்கு வணக்கம். ஒருத்தரும் ஒஸ்ரின் (ஆஸ்டின்) காரைப் பற்றிக் கதைக்கவில்லை, அதால வந்தன்.

யாழ்ப்பாணத்தில எங்களுக்கு ஏ போட்டி, அதாவது ஒஸ்ரின் ஏ-40, எண்டால் அது வீட்டு ஆள் மாதிரி. பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடினது அந்த ஏ போட்டியும் மொறிஸ் மைனருந்தான். கலியாண வீட்டுக்கும் அதுதான், ஆசுப்பத்திரிக்கும் அதுதான்.

பெயர்க் கதைக்கு வாறன். ஹேபேர்ட் ஒஸ்ரின் இங்கிலாந்தில பிறந்து இளம் வயதில அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். அங்கை ஃபிரெடெரிக் வுல்ஸ்லி எண்டவரின்ர கொம்பனியில வேலை. அது என்ன கொம்பனி எண்டால் செம்மறி ஆட்டின்ர மயிர் கத்தரிக்கிற மெசின் செய்யிற கொம்பனி. அது பேர்மிங்காமுக்கு மாறினபோது ஒஸ்ரினும் வந்தார். ஆட்டுமயிர் கத்தரிக்கிறது பருவ வேலை, மிச்ச மாதங்களில பட்டறை சும்மா கிடக்கும். அந்த நேரத்திலதான் கார் செய்து பார்த்தார். அப்பிடித்தான் வுல்ஸ்லி எண்ட கார்ப் பெயர் வந்தது. பிறகு பிரிஞ்சு 1905இல லோங்பிறிச்சில தன்ர பெயரில ஒஸ்ரின் தொடங்கினார்.

ஏ போட்டியில கேம்பிறிட்ச் எண்டொரு மாடலும் உண்டு. எதிர்க் கொம்பனிக்காரர் மொறிஸ் ஒக்ஸ்போட் எண்டு வைச்சவை. இரண்டும் பல்கலைக்கழக ஊர்.

பழையசக்கரம்:

சுன்னாகத்தாருக்கு நன்றி. மோரிஸுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் என்பது சொந்த ஊர்ப் பாசம். வில்லியம் மோரிஸ் அங்கேதான் சைக்கிள் கடை வைத்தார், தொழிற்சாலை பக்கத்தில் கௌலியில். மோரிஸ் பேட்ஜைக் கவனித்திருக்கிறீர்களா? அலையலையாகத் தண்ணீர், மேலே ஒரு சிவப்பு எருது. ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஊர்ப் பெயரின் பொருளே எருது ஆற்றைக் கடக்கும் துறை என்பதுதான். மயிலாடுதுறை என்று நமக்கு ஊர் இருப்பதுபோல் அவர்களுக்கு எருதுத்துறை. நம் அம்பாசடர் அந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது.

ஆனால் இங்கே ஒரு துக்கமும் சொல்ல வேண்டும். 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பி.எம்.சி. ஆனபிறகு பெயர்களுக்குள் இருந்த சரக்கு மெல்ல வற்றியது. 1950களின் கடைசியில் இத்தாலிய ஃபரீனா வரைந்த ஒரே உடம்புக்கு ஐந்து பெயர் ஒட்டினார்கள். ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட், எம்.ஜி. மேக்னெட், ரைலி, வுல்ஸ்லி. கிரில்லும் டேஷ்போர்டும் மாறும், அவ்வளவுதான். ரைலி என்றால் இப்படி ஓடும், வுல்ஸ்லி என்றால் இப்படி இருக்கும் என்று ஒரு தலைமுறை அறிந்து வைத்திருந்தது. அது பேட்ஜ் மாற்றும் வேலையாகச் சுருங்கிவிட்டது. எனக்கு இன்றும் அது பொறுக்கவில்லை.

வடசென்னைவண்டி:

எம்.ஜி. பற்றி வந்ததால் கேட்கிறேன். மோரிஸ் கராஜஸ் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, உண்மையில் அப்படி ஒரு கராஜ் இருந்ததா? டி.வி.ஆர். என்று ஒரு கம்பெனியும் உண்டே. அது நம் டி.வி.எஸ். மாதிரி இனிஷியலா?

கோவைஸ்பேனர்:

டி.வி.ஆர். இனிஷியல் இல்லீங்க. ட்ரெவர் வில்கின்சன்னு பிளாக்பூல்காரர். தன் முதல் பேர்லருந்து மூணு எழுத்தை மட்டும் எடுத்துக்கிட்டார். எம்.ஜி. கராஜ் நெசம்தான். ஆக்ஸ்ஃபோர்டுல மோரிஸோட சொந்த விற்பனைக் கடை. அதுக்கு மேனேஜரா வந்த செசில் கிம்பர், மோரிஸ் சேசிஸ் மேல அழகான பாடி கட்டி விக்க ஆரம்பிச்சார். எட்டுப் பட்டைச் சின்னம் அப்ப வந்தது. 1929ல ஆபிங்டனுக்குப் போனாங்க. அங்க கம்பெனி டெலிபோன் நம்பர் 251. சேசிஸ் நம்பரையே 251லருந்து ஆரம்பிச்சாங்க. பழைய எம்.ஜி. வெச்சிருக்கறவங்க இதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாங்க.

வழக்காளி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தொழில் வணிகக்குறி வழக்குகள். எல்லாரும் பெயர் எப்படிப் பிறந்தது என்று சொல்கிறீர்கள். அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதைவிடக் கூர்மையானது. ஒரு வழக்கம் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் தன் பெயரை வைத்தவர் அந்தப் பெயரை இழப்பது அபூர்வமே இல்லை.

டபிள்யூ.ஓ. பென்ட்லி. 1919இல் தொடங்கினார், லே மான் பந்தயத்தில் வென்ற வண்டிகள். 1931இல் பணம் தீர்ந்து கம்பெனி ஏலத்துக்கு வந்தது. நேப்பியர் என்ற எஞ்சின் கம்பெனி வாங்கப்போகிறது, தானும் அங்கே போய்விடலாம் என்று நம்பியிருந்தார். கடைசி நேரத்தில் பிரிட்டிஷ் சென்ட்ரல் ஈக்விட்டபிள் டிரஸ்ட் என்று யாரும் கேள்விப்படாத ஒரு பெயரில் கூடுதல் தொகை வந்தது. பின்னால் நின்றது ரோல்ஸ் ராய்ஸ். கம்பெனியோடு அவர் பெயரும் போனது. அவரையும் வேலையாளாக எடுத்துக்கொண்டார்கள். 1935இல் விலகி லகோண்டா என்ற இன்னொரு கார்க் கம்பெனிக்குப் போய், அங்கே நல்ல எஞ்சின்கள் செய்தார். ஆனால் தன் பெயரைத் தான் செய்த காரில் போட முடியவில்லை. பிறந்தபோது தகப்பன் தந்த பெயர், எதிரியின் கிரில்லில் இருக்கிறது. என் தொழிலில் நான் படித்த கதைகளில் இதைவிட வலிப்பது வேறில்லை.

லகோண்டா என்றதும் ஒரு வார்த்தை. இத்தாலியப் பெயர்போல் ஒலித்தாலும் அது அமெரிக்கா. நிறுவனர் வில்பர் கன் ஓஹியோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். அந்த ஊர் ஓடைக்குப் பூர்வகுடிகள் வைத்த பெயர் லகோண்டா. தேம்ஸ் கரையில் கார் செய்தபோது ஊர் ஓடையை நினைத்துக்கொண்டார்.

லூட்டன்ராஜி:

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம், 1947இல் டேவிட் பிரவுன் லகோண்டாவை வாங்கியதே பென்ட்லியின் எஞ்சினுக்காகத்தான் என்பது. அதே வருஷம் ஆஸ்டன் மார்ட்டினையும் வாங்கியிருந்தார். அந்த எஞ்சின் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2இல் ஓடியது. டி.பி. என்பது டேவிட் பிரவுன். ஆக, செய்தவர் பென்ட்லி, வண்டியின் மேல் வாங்கியவரின் இனிஷியல்.

ஆஸ்டன் மார்ட்டினில் ஆஸ்டன் மனிதர் இல்லை. பக்கிங்ஹாம்ஷயரில் ஆஸ்டன் கிளின்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆஸ்டன் ஹில். அந்த மேட்டில் நடந்த ஏற்றப் பந்தயத்தில் லயனல் மார்ட்டின் நன்றாக ஓட்டினார். மேட்டின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்தார். கூட்டாளி ராபர்ட் பாம்ஃபோர்டின் பெயர் வரவில்லை.

நெவாக்கரை:

ஜாகுவார் எப்படி? ஒரு காலத்தில் அதன் பெயர் எஸ்.எஸ். என்று கேள்விப்பட்டு அதிர்ந்துபோனேன்.

பழையசக்கரம்:

அதிர வேண்டாம், ஹிட்லரின் எஸ்.எஸ். படைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. 1922இல் வில்லியம் லயன்ஸும் வில்லியம் வாம்ஸ்லியும் பிளாக்பூலில் தொடங்கியது ஸ்வாலோ சைட்கார் கம்பெனி. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி. ஸ்வாலோ என்றால் தகைவிலான் குருவி. பிறகு கோவென்ட்ரிக்கு வந்து கார் உடம்பு கட்டினார்கள். அடியில் சேசிஸும் எஞ்சினும் கொடுத்தது யார் தெரியுமா? நம் ஸ்டாண்டர்ட். அந்த வண்டிகளுக்கு எஸ்.எஸ். என்று பெயர். ஸ்வாலோ ஸ்போர்ட்ஸா, ஸ்டாண்டர்ட் ஸ்வாலோவா என்று லயன்ஸ் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. 1935இல் புது மாடலுக்கு ஜாகுவார் என்று வைத்தார்கள். ஆம்ஸ்ட்ராங் சிட்லி அந்தப் பெயரில் ஒரு விமான எஞ்சின் செய்திருந்தது, அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தார்கள். 1945இல் போர் முடிகிற நேரத்தில் எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்தை உலகில் யாரும் கேட்க விரும்பவில்லை. மாடலின் பெயரே கம்பெனியின் பெயரானது. பாயும் சிறுத்தை உருவத்தைச் செய்தவர் ஓவியர் எஃப். கார்டன் கிராஸ்பி. பென்ட்லியின் சிறகு விரித்த பி எழுத்தும் அவர் கைதான்.

வடசென்னைவண்டி:

ரோல்ஸ் ராய்ஸ் பேட்ஜில் எழுத்து சிவப்பாக இருந்து கறுப்பானது ராய்ஸ் இறந்த துக்கத்துக்காக என்று படித்திருக்கிறேன். பெயருக்கு அப்படி ஒரு மரியாதை!

வழக்காளி:

அந்தக் கதை பரவலானது, ஆனால் சரியில்லை. ராய்ஸ் 1933இல் இறந்தார். கறுப்புக்கு மாற்றும் முடிவு அவர் இருக்கும்போதே எடுத்தது. வாடிக்கையாளர் கேட்கும் வண்ணத்தோடு சிவப்பு ஒத்துப்போகவில்லை என்பதே காரணம்.

உண்மையான ரோல்ஸ் ராய்ஸ் கதை 1998இல் நடந்தது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1971இல் ஒரு விமான எஞ்சினின் செலவில் ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. அரசு எஞ்சின் தொழிலை எடுத்துக்கொண்டது, கார்த் தொழிலைத் தனியாகப் பிரித்தார்கள். பெயரும் இரட்டை ஆர் சின்னமும் எஞ்சின் கம்பெனியிடமே நின்றன. கார்க் கம்பெனிக்கு இருந்தது பயன்படுத்தும் உரிமை மட்டும். பிறகு காரை வைத்திருந்த விக்கர்ஸ் 1998இல் அதை விற்க வந்தது. பி.எம்.டபிள்யூ 340 மில்லியன் பவுண்டு கேட்டது. ஃபோக்ஸ்வாகன் 430 மில்லியன் கொடுத்து வாங்கியது. க்ரூ தொழிற்சாலை, பென்ட்லி, கோயில் முகப்பு போன்ற அந்தக் கிரில், மேலே நிற்கும் பெண் சிலை எல்லாம் வந்தன. ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் வரவில்லை. எஞ்சின் கம்பெனி ஏற்கெனவே பி.எம்.டபிள்யூவோடு கூட்டுத் தொழில் வைத்திருந்தது. பெயரை 40 மில்லியனுக்கு அவர்களுக்குக் கொடுத்தது.

ஒருவரிடம் சிலையும் கிரில்லும், இன்னொருவரிடம் பெயர். ஒன்றில்லாமல் ஒன்று விற்காது. கடைசியில் 2002 முடியும்வரை ஃபோக்ஸ்வாகன் இரண்டையும் செய்யலாம், 2003 ஜனவரி 1 முதல் ரோல்ஸ் ராய்ஸ் முழுக்க பி.எம்.டபிள்யூவுக்கு என்று ஒப்பந்தமானது. குட்வுட்டில் புதுத் தொழிற்சாலை கட்டினார்கள். 430 மில்லியன் கொடுத்தவருக்குப் பென்ட்லி, 40 மில்லியன் கொடுத்தவருக்கு ரோல்ஸ் ராய்ஸ்.

கோவைஸ்பேனர்:

சார், இதுல எனக்கு ஒரு வருத்தம் இருக்குது. பேரை மட்டும் வாங்கி என்ன பண்றது? க்ரூல முப்பது வருஷம் வேலை பாத்த கையி, அந்தத் தோல் தைக்கற கையி, அதெல்லாம் அங்கதானே நின்னுச்சு? குட்வுட்ல வந்தது புது ஊரு, புது ஆளு. பேரு நல்லதுதான். ஆனா நான் இத்தனை வருஷமா ரிப்பேர் பண்ணினது இரும்பைத்தான், பேரை இல்ல.

வழக்காளி:

உங்கள் கையை மதிக்கிறேன் அண்ணே. ஆனால் ரோவரைப் பாருங்கள். 2005இல் எம்.ஜி. ரோவர் விழுந்தது. இரும்பையும் வரைபடத்தையும் சீனக் கம்பெனிகள் வாங்கின. ரோவர் என்ற பெயர் பி.எம்.டபிள்யூவிடம் இருந்தது. ஷாங்காயின் எஸ்.ஏ.ஐ.சி. அதைக் கேட்டது. ஆனால் லேண்ட் ரோவரை வைத்திருந்த ஃபோர்டுக்கு முதல் உரிமை இருந்தது, 2006இல் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். எஸ்.ஏ.ஐ.சி. வேறு வழியில்லாமல் ரோவி என்று புதுப் பெயர் உண்டாக்கியது. ரோவர் வண்டிகளின் வரைபடம் கையில் இருந்தும் பெயர் இல்லாமல் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2008இல் டாடா 230 கோடி டாலருக்கு ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியபோது அந்த ரோவர் பெயரும் கூட வந்தது. டைம்லர், லான்செஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் பெயர்களும் வந்தன. சைக்கிளுக்கு வைத்த அந்தப் பெயர் இன்று மும்பையில் இருக்கும் ஒரு குழுமத்தின் சொத்து.

அம்பாசடரும் அப்படித்தான். 2014இல் உற்பத்தி நின்றது. 2017இல் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பெஷோ வாங்கியது. அதே ஆண்டில் அதே குழுமம் வாக்ஸ்ஹாலையும் வாங்கியது.

கோவைஸ்பேனர்:

80 கோடி. சரிங்க. ஆனா பாருங்க, இன்னி வரைக்கும் அந்தப் பேருல ஒரு வண்டி வரல. நம்ம ஊர்ல பழைய அம்பாசடருக்குக் கிங்பின் தேடி அலையறவன்கிட்ட அந்தப் பேரு இருக்குது. நான் சொல்றது அதுதான்.

வடசென்னைவண்டி:

நான் எண்ணூர்க்காரன். எங்கள் ஊர் கம்பெனியை யாரும் சொல்லவில்லை. லேலண்ட் என்பது லங்காஷயரில் ஒரு ஊர். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கியது அசோக் மோட்டார்ஸ், தன் மகன் அசோக்கின் பெயரில். எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி இல்லை, சுன்னாகத்தார் சொன்ன அதே ஆஸ்டின் ஏ-40 கார். 1955இல் லேலண்ட் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. இங்கிலாந்தின் லேலண்டில் இப்போதும் தொழிற்சாலை ஓடுகிறது, ஆனால் வெளியே வரும் லாரியில் டாஃப் என்றுதான் இருக்கும். அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கும் லாரியைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். என் தாத்தா ஏ-40 பூட்டிய வரிசையில் நின்றவர். அவர் வாயில் அது கடைசிவரை 'அசோக் கம்பெனி'தான்.

பழையசக்கரம்:

ஸ்டாண்டர்டுக்குப் பெருங்களத்தூர், லேலண்டுக்கு எண்ணூர். அங்கே இறங்கிப்போன பெயரை இங்கே ஏந்திக்கொண்டார்கள். வடசென்னை தம்பி இதைச் சொன்னதுக்கு நன்றி, எனக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஹெரால்ட்மகன்:

நேற்று இரவு இந்த இழையை முதலிலிருந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு 84 வயது, பார்வை மங்கிவிட்டது. வாக்ஸ்ஹால் படைத்தலைவன் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பென்ட்லி இடத்தில் ஒன்றும் பேசவில்லை.

முடித்ததும் ஆர்.சி. புக்கைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பெரியவர்கிட்ட ஒண்ணு சேத்துச் சொல்லு. நம்ம வண்டி ரெண்டு கதவு. அப்புறம் மெட்ராஸ்ல நாலு கதவு ஹெரால்ட் போட்டான். இங்கிலாந்துக்காரன் கடைசிவரை நாலு கதவு போடவே இல்லை. அது ட்ரையம்ஃப் இல்லை, அது ஸ்டாண்டர்ட்."

பழையசக்கரம்:

அப்பா சொன்னது சரி. அந்த நாலு கதவு, மார்க் 3. நான் எழுத விட்டுவிட்டேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.